தூக்கத்தில் கேட்ட தாழ்ப்பாள்

இன்று காலை பிள்ளைக் காம்பராவில் யூக்கலிப்டஸ் இலை அவித்தேன். மூன்று பிள்ளைகளுக்குச் சளி. ஆவி எழுந்து ஜன்னல் கண்ணாடியை மூடியதும் வெளியே நின்ற பனியும் உள்ளே நின்ற ஆவியும் ஒன்றாகிப்போயின. எது உள்ளே, எது வெளியே என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை. சட்டியைத் துணியால் பிடித்து இறக்கப் போனபோது என் கை தானாக நின்றது. "பாத்து, பாத்து" என்று நீ சொல்வாயே, அதற்காகக் காத்திருந்திருக்கிறது. யாரும் சொல்லவில்லை. நானே இறக்கி வைத்தேன்.

நீ போய் ஏழு மாதமாகிறது. இதுவரை நான் உனக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை. காலை ஆறரைக்குப் பார்த்துவிட்டு மாலை ஐந்துக்குப் பிரிகிறவர்களுக்குக் கடுதாசி எதற்கு? இப்போது அந்த வாசம் தலைக்குள் ஏறிக்கொண்டு இறங்க மறுக்கிறது. பிள்ளைகள் தூங்குகிறார்கள். எழுதுகிறேன்.

நாம் இருவரும் ஒரே வருஷத்தில் பிறந்தவர்கள். ஆனால் நீ எனக்கு இரண்டு மாதம் முன்னால் வேலைக்குச் சேர்ந்தாய் என்பதற்காகப் பிள்ளைகளுக்கு நீ பெரியம்மா, நான் சின்னம்மா. கந்தப்பளையிலிருந்து வரும் பாதை நம் தேயிலைத் தோட்டத்துக்குள் நுழைந்ததும் இரண்டாகப் பிரியுமே, கீழ்ப்பாதையில் உங்கள் மாதா கோவில், மேல்பாதையில் எங்கள் மாரியம்மன். நடுவில் பிள்ளைக் காம்பரா. தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது பிள்ளைகளை நம் கையில் தந்துவிட்டுப் போவார்கள். அந்தப் பிள்ளைகளின் நெற்றியில் நான் திருநீறு பூசுவேன். நீ அதன் மேலேயே சின்னதாய் ஒரு சிலுவை போடுவாய். ஒரு தாயும் ஏன் என்று கேட்டதில்லை.

"ஒங்க அம்மனுக்கு எத்தன கை புள்ள?" என்று ஒரு நாள் கஞ்சி கிண்டிக்கொண்டே கேட்டாய்.

"எட்டு."

"எங்க சாமிக்கு ரெண்டே கை. அதுலயும் ஆணி அடிச்சு வச்சிருக்காங்க. அதான் நம்ம ரெண்டு பேரையும் ஒண்ணா வேலைக்குப் போட்டிருக்காங்க போல."

நான் சிரித்ததில் கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. அந்தச் சிரிப்பு எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் இப்போது எழுத உட்கார்ந்தது அதைப் பற்றி அல்ல. அந்த ஒரு நாளைப் பற்றி நாம் பேசித் தீர்த்துவிட்டோம் என்றுதான் இருந்தேன். தீரவில்லை போலிருக்கிறது.

அது மழைக் காலம். என் மாமியார் படுக்கையில் விழுந்து நாலாவது மாதம். நான் சரியாகத் தூங்கியே பல நாளாகியிருந்தது. மதியச் சாப்பாடு முடிந்து பிள்ளைகளைப் பாயில் கிடத்தியபோது, தொட்டிலில் கிடந்த கைக்குழந்தைக்கு உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. நீ அதைத் துணியில் சுற்றிக்கொண்டு, "டிஸ்பென்சரிக்குப் போயிட்டு ஓடியாந்திர்றேன்" என்று முன்வாசல் வழியாகப் போனாய். நான் தாலாட்டுப் பாடினேன். பனி ஜன்னல் வரைக்கும் வந்து நின்றது. ஒவ்வொரு பிள்ளையாகக் கண் மூடியது. சுவரில் சாய்ந்து கால் நீட்டிய எனக்கும் கண் மூடியது.

கனவில் நான் பட்டிப்பொலை போகும் ரயிலில் இருந்தேன். சின்ன வயதில் அப்பாவோடு ஏறிப்போன அதே ரயில். பெட்டிக்குள் வெள்ளையாகப் பனி. யாரோ கதவின் தாழ்ப்பாளை 'டக்' என்று தூக்கினார்கள். யாரோ இறங்குகிறார்கள் என்று நினைத்தேன். இறங்கட்டும் என்றும் நினைத்தேன். ரயில் போய்க்கொண்டேயிருந்தது.

"தர்ஷன் எங்க?"

நீ கேட்ட குரலில்தான் விழித்தேன். கைக்குழந்தை உன் தோளில் இருந்தது. செல்வராணியின் மகன் தர்ஷன், மூன்று வயதுப் பிள்ளை, அவன் படுத்திருந்த பாய் காலியாக இருந்தது. பின்கதவு ஒரு ஆள் புகும் அளவுக்குத் திறந்திருந்தது. அதன் வழியாகப் பனி உள்ளே வந்துகொண்டிருந்தது.

பின்கதவைத் தாண்டினால் பத்தடியில் தேயிலை. தேயிலைக்குள் இறங்கினால் மழைத்தண்ணீர் ஓட வெட்டிய கான்கள். கான்கள் போய்ச் சேருமிடம் ஆறு. மழையில் அந்த ஆறு எப்படிப் போகும் என்று நம் இருவருக்கும் தெரியும். நீ கைக்குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு ஓடினாய். நான் பக்கத்து லயத்துப் பெண் ஒருத்தியைக் கூப்பிட்டுப் பிள்ளைகளோடு உட்கார வைத்துவிட்டு, உன் பின்னால் வந்தேன்.

கீழே ஆறாம் நம்பர் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் ஏறி வந்துவிட்டார்கள். நாற்பது பேர் இருக்கும். அடுத்த செடி தெரியாத பனி. "தர்ஷா! தர்ஷா!" என்று நாலு பக்கமும் குரல். கங்காணி விசில் ஊதினார். நாய்கள் குரைத்தன. எல்லாவற்றுக்கும் மேலே செல்வராணியின் சத்தம். அதில் அவன் பெயர்கூட இல்லை, வெறும் சத்தம். ஒரு மணி நேரம் அப்படிப் போனது. ஆற்றுப் பக்கம் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள். கடைசியில் நீ ஒரு கல்லின் மேல் ஏறி நின்று இரண்டு கையையும் தூக்கினாய்.

"செத்த நேரம் யாரும் சத்தம் போடாதீங்க. அப்பிடியே நில்லுங்க."

"புள்ளையத் தேடாம சும்மா நிக்கச் சொல்றீங்களா?" என்று கங்காணி சீறினார்.

"நம்ம கத்தக் கத்த அது ஒளிஞ்சுக்கும் ஐயா. ஏச்சு விழும்னு பயந்துபோயி இருக்கும். ஒங்க காலப் புடிச்சுக் கேக்குறேன், நில்லுங்க."

எல்லோரும் நின்றார்கள். செல்வராணி தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். இடுப்பைச் சுற்றிக் கட்டிய படங்குத் துணியும் நனைந்த முக்காடுமாக, பனிக்குள் பாதி தெரிந்தும் தெரியாமலும் நாற்பது பேர். அந்தத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள்கூட அது அவ்வளவு அமைதியாக இருந்து பார்த்திருக்க மாட்டார்கள். இலையிலிருந்து இலைக்குத் தண்ணீர் சொட்டியது. தூரத்தில் ஆறு. எனக்கு முன்னால் நின்ற கிழவியின் மூச்சு. யாரும் கும்பிடவில்லை, யாருடைய உதடும் அசையவில்லை. ஆனாலும் நான் எத்தனையோ திருவிழாவில் நின்றிருக்கிறேன், அப்படி ஒரு கும்பிடுதலைப் பார்த்ததில்லை.

அப்போது நம் காலுக்குக் கீழே, மிகவும் பக்கத்தில், ஒரு சின்னக் குரல் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தது.

"ஒனக்கும் தூக்கம் வரலயா?"

கானுக்குள் குந்தியிருந்தான். தேயிலைக் கிளைகள் அவன் தலைக்கு மேல் கூரையாக மூடியிருந்தன. முன்னால் ஒரு நத்தை. அதனோடுதான் பேச்சு. செல்வராணி ஓடவில்லை. தூங்குகிற குழந்தையிடம் போகிற மாதிரி மெல்ல மெல்லப் போய், சேற்றில் உட்கார்ந்து, அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

அன்று சாயங்காலம் காம்பரா வாசலில் வைத்து வெல்ஃபெயர் ஐயா கேட்டார், "பின்கதவத் தொறந்து விட்டது யாரு?" சுற்றி ஊரே நின்றது.

"நான்தாங்கய்யா," என்றாய். "டிஸ்பென்சரிக்குப் போற அவசரத்துல அந்தப் பக்கமா போயி, தாழ்ப்பாள் போடாம விட்டுட்டேன்."

நீ என்னைப் பார்க்கவில்லை. இந்த மூச்சு விட்டதும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். மூச்சு விட்டேன். அடுத்த மூச்சில் சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவர் கொப்பியில் எழுதி முடித்துவிட்டார். இவ்வளவுதான் நடந்தது. ஒரு பெரிய பாவத்துக்கு இவ்வளவு கொஞ்ச நேரம் போதும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

தண்டனையாக உன்னை மூன்று மாதம் மலைக்குக் கொழுந்தெடுக்க அனுப்பினார்கள். உன் முழங்கால் அப்போதே வீக்கம். காம்பராவுக்கு இன்னொருத்தியைத் தற்காலிகமாகப் போட்டார்கள்.

அதற்கடுத்த நாட்களில் எனக்கு என்ன ஆனது என்பதை நீ இருக்கும்போது முழுதாகச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். முதல் இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள் உன் மேல் கோபம் வந்தது. ஆமாம், உன் மேல். இவளை யார் சொல்லச் சொன்னது? நான் கேட்டேனா? ஒரு நாளும் கண்ணில் படாத உன் குறைகளெல்லாம் வரிசையாக வந்து நின்றன. நீ சத்தமாகப் பேசுகிறவள். உனக்குப் பிடித்த பிள்ளைக்கு ஒரு கரண்டி கஞ்சி கூடுதலாக ஊற்றுகிறவள். செவ்வாய்க்கிழமை கோவிலுக்குப் போனேன். "தாயே, அவ முழங்கால் சுகமாகணும்" என்று வேண்டிக்கொண்டேன். வேண்டிக்கொண்டதில் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது. அந்த முழங்காலை மலைக்கு அனுப்பியவள் நான். அதைச் சுகப்படுத்தும் வேலையை அம்மன் தலையில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்தேன்.

பத்தொன்பதாம் நாள். மழை. மலையிலிருந்து நீ படியில் இறங்கி வந்தாய், பக்கவாட்டாகத் திரும்பி, ஒரு படிக்கு இரண்டு கால் வைத்து. பிள்ளைகள் ஜன்னலுக்கு ஓடி "பெரியம்மா! பெரியம்மா!" என்று கத்தினார்கள். நீ கையசைத்துவிட்டுப் போனாய். நான் சுவரோரம் போய் உட்கார்ந்தேன். தர்ஷன் என் பக்கத்தில் வந்து நின்று, உதட்டில் விரலை வைத்துக்கொண்டு ரகசியமாகச் சொன்னான்.

"சின்னம்மா, நீங்க தூங்குங்க. நான் கதவத் தொறக்க மாட்டேன்."

அன்று மாலையே செல்வராணியின் லயத்துக்குப் போனேன். அவள் ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தாள். "செல்வராணி, அன்னைக்கித் தூங்கினது நான். கதவு சத்தமும் எனக்குக் கேட்டுச்சு. கனவுன்னு நெனச்சுட்டேன்," என்றேன். அவள் கை நிற்கவில்லை.

"தெரியும் சின்னம்மா."

"எப்பிடி?"

"அவன் அன்னைக்கே சொல்லிட்டான். சின்னம்மா தூங்குறாங்க, சத்தம் போடாம மெதுவாத் தொறந்தேன்னு. ஒங்கள எழுப்பிறக் கூடாதுன்னு பாத்திருக்கான்."

"அப்புறம் ஏன் யாருகிட்டயும் சொல்லாம இருந்த?"

அவள் மாவை உருட்டி வைத்தாள். "சொன்னா ஒங்களயும் மலைக்கு அனுப்பிருவாங்க. அப்புறம் நான் புள்ளைய யாருகிட்ட விட்டுட்டு வேலைக்குப் போறது? கோவம் இல்லாம இல்ல. ஆனா விடிஞ்சா ஒங்ககிட்டதான கொண்டாந்து விடுறேன்." பிறகு ஒரு பலகையைத் தள்ளிப் போட்டாள். "ஒக்காருங்க. ரொட்டி தின்னுட்டுப் போங்க."

தின்றேன். முழுதும் தின்றேன், அவள் பார்த்துக்கொண்டிருந்ததால்.

மறுநாள் காலை பேர் கூப்பிடும் பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்குப் பிரிகிற நேரத்தில் ஆபீசுக்குப் போய்ப் பெரிய துரையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எனக்கு மூன்று மாதம் மலை வேலை என்றார். மறுவாரம் நீ காம்பராவுக்குத் திரும்பினாய், நான் படங்கு கட்டிக்கொண்டு ஆறாம் நம்பருக்குப் போனேன். மாமியாரைப் பகலில் பக்கத்து வீட்டார் மாறி மாறிப் பார்த்துக்கொண்டார்கள்.

நீ ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடிப்பாய் என்று எதிர்பார்த்தேன். நீ என்னோடு பேசவே இல்லை. பாதையில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து, கையில் ஜெபமாலையோடு நேராக என் வீட்டுக்கு வந்தாய். வந்து வாசற்படியில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தாய்.

"யாரு ஒன்னையச் சொல்லச் சொன்னா?"

"நான் செஞ்ச தப்பு. நான்தான சொல்லணும்."

"அது எனக்கும் தெரியும்." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். "நான் நல்லவளுன்னு நெனச்சுட்டல்ல? கேளு. அன்னைக்கி எல்லாரும் என்னையத்தான் பாத்துக்கிட்டு நின்னாங்க. புள்ளையக் கண்டுபுடிச்சுக் குடுத்தவ நான். அந்த நேரத்துல நான் கொலையே பண்ணேன்னு சொன்னாலும் மன்னிச்சிருப்பாங்க. ஒன்னைய மன்னிக்க மாட்டாங்க. அதான் சொன்னேன். ஆனா சொல்லையில எனக்குள்ள ஒரு பெருமை வந்துச்சு புள்ள. மாதா சுரூபம் மாதிரி நின்னேன். பொய் சொன்னதுக்கும் அந்தப் பெருமைக்கும் சேத்துத்தான் இன்னைக்கி ஃபாதர்கிட்டப் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வாறேன்."

நான் நீட்டிய தண்ணிச் செம்பை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு நீயே தொடர்ந்தாய்.

"மலையில நிக்கையில, இன்னைக்கி வருவ, இன்னைக்கி வந்து சொல்லுவன்னு தெனமும் பாத்தேன். நீ வரலைன்னு கோவம். அப்புறம் நீ போயி ஆபீசுல சொல்லிட்டன்னு கேள்விப்பட்டதும் அதவிடக் கோவம். என் கையில இருந்து எதையோ புடுங்கிட்ட மாதிரி. இது என்னா மனசோ."

நான் உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கும் உன் மேல் கோபம் வந்த கதையை அரைகுறையாகச் சொன்னேன். ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றும் விஷயத்தைச் சொன்னதும் உனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது மெய்தான்," என்றாய். வெளியே வெயில் வந்து, ஈரத் தகரக் கூரை ஆவி விட்டுக்கொண்டிருந்தது. நாம் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். உள்ளேயிருந்து மாமியார், "யாரு வந்திருக்கா?" என்று கேட்டார். "நல்லவ ஒருத்தி," என்று நான் சொன்னேன். நீ என் தொடையில் கிள்ளினாய்.

மூன்று மாதம் முடிந்து நானும் திரும்பி வந்தேன். அதன் பிறகு மூன்று வருஷம் சேர்ந்து வேலை செய்தோம். அந்த மூன்று வருஷத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. பிள்ளைகள் வந்தார்கள், நடக்கப் பழகினார்கள், பள்ளிக்கூடம் போனார்கள். தர்ஷன் இப்போது முன் பல் இரண்டும் விழுந்து திரிகிறான். நத்தை அவனுக்கு நினைவில்லை.

பிறகு உன் வயிற்றில் கட்டி வந்தது. நீ டவுன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் அம்மனுக்கு அர்ச்சனை வைத்தேன். அதை உன்னிடம் சொன்னேன். கட்டிலில் நீ சருகு போலக் கிடந்தாய், ஆனால் கண் மட்டும் பழைய கண்.

"என் பேரையா சொன்ன? பூசாரி என்னா சொன்னாரு?"

"பேரக் கேட்டதும் ஒரு தரம் என்னையப் பாத்தாரு. நட்சத்திரம் என்னான்னாரு. அவங்களுக்கு நட்சத்திரம் கெடையாதுங்கன்னேன். சரி, சாமி நட்சத்திரத்துலயே சொல்லிருவோம்னுட்டு, ஒன் பேர ரெண்டு தரம் தடுக்கி விழுந்து சொன்னாரு."

நீ சிரித்தாய், சிரிக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டாய். ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளியே பனி ஏறிக்கொண்டிருந்தது. சிரிப்பு அடங்கியதும் என் கையைப் பிடித்தாய்.

"அடுத்த தடவ போறப்ப சுகமாக்குன்னு கேக்காத புள்ள. கேட்டுக் கேட்டு எனக்கும் அலுத்துப்போச்சு, சாமிங்களுக்கும் அலுத்திருக்கும். நான் எப்பிடிப்பட்ட ஆளுன்னு சொல்லு. அது போதும். நல்லத மட்டும் சொல்லிப்புடாத. போயி நேருல நிக்கையில வெக்கமாப் போயிரும்."

பன்னிரண்டு நாள் கழித்து நீ போனாய். மாதா கோவில் கல்லறையில் நானும் ஒரு கை மண் போட்டேன். செல்வராணி என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதிலிருந்து செவ்வாய்க்கிழமைகளில் நான் அம்மனிடம் ஒன்றும் கேட்பதில்லை. முதலில் கை கூப்பியதும் பழக்கதோஷத்தில் வாய் தானாகக் கேட்கப் போகும். நிறுத்திக்கொள்வேன். நடந்ததை நடந்தபடி சொல்வேன். இன்னிக்கு ஒரு பிள்ளை அழுதது கேட்டும் கேட்காத மாதிரி இருந்துட்டேன் தாயே, என்று. பக்கத்து வீட்டுக்காரியின் மகளுக்கு நல்ல இடம் அமைந்தது, எனக்கு வயிறெரிந்தது, என்று. சொல்லச் சொல்ல அந்த எட்டுக் கைகளைப் பற்றிய பயம் போய், பக்கத்தில் இருக்கிற ஒருத்தியிடம் பேசுகிற மாதிரி ஆகிவிட்டது. என்னைப் பற்றிச் சொல்லி முடித்ததும் உன்னைப் பற்றித் தொடங்குவேன். பொய் சொன்னதையும் சொல்கிறேன். கல்லின் மேல் ஏறி நின்றதையும் சொல்கிறேன். என்னை விட்டுவிட்டுப் போனதற்காக உன் மேல் எனக்கு இருக்கிற கோபத்தையும் சொல்லிவிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை தீபாராதனை முடிந்து எல்லோரும் போன பிறகும் நான் நின்றுகொண்டிருந்தேன் போலிருக்கிறது. பூசாரி விளக்குத் திரியைத் தட்டிவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

"என்னாம்மா, வேண்டுதல் இன்னும் முடியலயா?"

"வேண்டுதல் இல்லீங்கய்யா. ஒரு ஆளப் பத்திச் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

யார் என்று அவர் கேட்கவில்லை. "சரிம்மா, நிதானமாச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு, தோளில் கிடந்த துண்டை விரித்து வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். நான் திரும்பவும் அம்மன் பக்கம் திரும்பினேன். இன்னும் பாதிகூடச் சொல்லி முடித்திருக்கவில்லை.